அடுப்பிலிருந்து உடலுக்கு வந்த சொற்கள்

சென்னையில் ஒரு டைப்செட்டிங் நிறுவனத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் அனுப்பும் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் சொல்லடைவு தயாரிப்பதும் என் வேலை. பெரும்பாலும் பொறியியலும் நிர்வாகவியலும்தான் வரும். பண்டைய கிரேக்கம் கலந்த நூல் எப்போதாவது வந்தால், அந்த எழுத்தைப் பயின்றவள் என்பதால் அது என் மேசைக்கே வந்துவிடும். அப்படி வந்த கிரேக்க மருத்துவ வரலாற்று நூல் ஒன்றில், வெப்பம் தொடர்பான சொற்கள் பலவும் சொல்லடைவு வரைவில் 'கொதித்தல்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஸெயோ என்ற கிரேக்க வினை நீர்மம் தானே பொங்கிக் கொதிப்பதைச் சொல்கிறது. ஹெப்ஸோ என்பது ஒரு பொருளை நீர்மத்தில் இட்டு வேகவைப்பதைச் சொல்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லால் சமாளித்துவிடுகிறது. நீர் கொதிக்கிறது, அதில் கிழங்கு வேகிறது என்று நாள்தோறும் பேசும் நமக்கு அந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹோமரின் இலியத் காவியத்தின் 21ஆம் பாடலில், நெருப்புக் கடவுள் ஹெஃபைஸ்தோஸ் மூட்டிய தீயில் ஆற்று நீர் பொங்கும் காட்சிக்கு, கொழுத்த பன்றியின் கொழுப்பு உருகும் கொப்பரை உவமையாகிறது. அங்கே வருவது ஸெயோதான், ஹெப்ஸோ அன்று.

ஹெப்ஸோவை அச்சில் சரியாகக் கொண்டுவருவதும் எளிதன்று. முதலெழுத்தான எப்சிலன் என்ற எகர எழுத்தின் தலையில், சொல் 'ஹ' ஒலியோடு தொடங்குகிறதா இல்லையா என்று காட்டும் மூச்சுக்குறியும் அழுத்தக்குறியும் அருகருகே நிற்கும். 'ஹ' ஒலியைக் காட்டும் வல்லின மூச்சுக்குறி இடவலம் மாறிய காற்புள்ளி போலவும், அது இல்லை என்று காட்டும் மெல்லின மூச்சுக்குறி நேரான காற்புள்ளி போலவும் இருக்கும். வளைவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது ஒன்றே வேறுபாடு. திரையில் பக்கத்தை நானூறு விழுக்காடு பெரிதாக்காமல் அதை நான் நம்பியதே இல்லை.

பிரித்தே ஆக வேண்டும் என்ற என் எண்ணத்துக்கு உறுதியான ஆதாரம் அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'மெட்டியரோலாஜிகா'வின் நான்காம் புத்தகத்தில் கிடைத்தது. அந்தப் புத்தகம் அவர் எழுதியதுதானா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. எனினும், வெப்பம் ஒரு பொருளைப் பக்குவப்படுத்தும் விதங்களை அவ்வளவு பொறுமையாக வகைப்படுத்திய பண்டைய நூல் வேறொன்றை நான் படித்ததில்லை. கனிதல், ஈர வெப்பத்தில் வேகுதல், வறண்ட வெப்பத்தில் வாட்டப்படுதல் என மூன்று பக்குவங்களைச் சொல்லும் அந்நூல், ஒவ்வொன்றுக்கும் எதிரான குறைபாட்டையும் பெயரிட்டுச் சொல்கிறது. வேகுதலுக்கு எதிரானது மோலின்சிஸ். சுற்றியுள்ள நீரின் வெப்பம் போதாமல், சூடு பட்டும் பக்குவம் அடையாத நிலை அது. நம் வழக்கில் அரைவேக்காடு. வேகவைத்தது வாட்டியதைவிட உள்ளே வறண்டிருக்கும் என்பதையும் அந்நூல் கவனித்திருக்கிறது. தீயில் வாட்டும்போது புறத்துளைகள் முதலில் சுருங்கி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்பது அது தரும் விளக்கம். பொன்னையும் மரத்தையும்கூட மக்கள் 'வேகவைப்பதாக'ச் சொல்கிறார்கள், அந்த வேறுபாடுகளுக்குத் தனிப் பெயர்கள் இல்லாததே காரணம் என்று கூறும் இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்தேன். சொல்லடைவு செய்பவருக்கு அதைவிட நெருக்கமான வரி வேறு இருக்க முடியாது.

மெதுவாகக் கொதிக்கவைப்பதற்குக் கிரேக்க மருந்துக் குறிப்புகள் பெரும்பாலும் தனி வினையைத் தேடுவதில்லை. 'மென்மையான தீ' என்று நெருப்பின் இயல்பைச் சொல்லியோ, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை என்று அளவைச் சொல்லியோ காரியத்தை முடித்துவிடுகின்றன. அவ்வாறு சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றுக்கு ஹெப்ஸேமா என்று பெயர்.

தீப்புண்களுக்கு வரும்போது சொற்கள் அடுப்பைவிட்டு உடலுக்கு இடம்பெயர்கின்றன. ஹோமரிடம் தீயில் சுட்டு இறுகிய மரக்கழிக்கு அடைமொழியாக வரும் பிரிகாவுஸ்தோஸ், பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் மரபு நூல்களில் தீக்காயங்களின் பெயராகிறது. புண்களைப் பற்றிய அம்மரபு நூல் ஒன்று, பழைய பன்றிக் கொழுப்பை உருக்கிப் பிசினும் நிலக்கீலும் சேர்த்து, துணியில் தடவி, தீயில் காட்டிச் சூடாக்கிக் கட்டச் சொல்கிறது. எஸ்காரா என்ற சொல்லின் பயணம் இன்னும் நீண்டது. ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில் இளவரசி நௌசிகாவின் தாய் ஊதா நூல் நூற்றபடி அமர்ந்திருப்பது எஸ்காராவின் அருகில், அதாவது வீட்டு அடுப்பின் அருகில். பின்னாளில் அதே சொல், மருத்துவர் சூடு போடும் சுடுகோல் பட்ட இடத்தில் படியும் கரிய பக்குக்கும் பெயராயிற்று. இன்றைய தீக்காயப் பிரிவுகளில், கைகாலைச் சுற்றி இறுகிய கருகிய தோல், அடியில் ஏறும் வீக்கத்தால் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்போது அதைக் கீறிவிடும் அறுவைக்கு எஸ்காரோடமி என்றுதான் பெயர். இந்தச் சொல்லை அடுப்பு, பக்கு என இரண்டு பதிவுகளாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 'காண்க' குறிப்புப் போடும்படி ஆசிரியருக்கு வினா அனுப்பினேன், அவர் ஏற்றுக்கொண்டார்.

கடைசிவரை இடம் முடிவாகாமல் இருந்தது, ஸெயோவிலிருந்து பிறந்து இன்று ஒரு தோல் நோயின் பெயராக வழங்கும் எக்ஸெமாதான். 6ஆம் நூற்றாண்டு மருத்துவரான அமிதா என்ற ஊரைச் சேர்ந்த ஏத்தியோஸ், புண்ணாக மாறாத, சூடும் வலியும் கொண்ட கொப்புளங்களை, பொங்கும் வெப்பத்தின் காரணமாக மக்கள் அப்பெயரால் அழைப்பதாக எழுதுகிறார். வரைவில் அது தோல் நோய்களின் பட்டியலில் மட்டும் இருந்தது. மருத்துவர் எவரும் கருதிப் படைக்காமல், கொப்புளத்தைக் கண்ட மக்கள் கொதிக்கும் பானையை நினைத்து வைத்த பெயர் என்பதால், ஸெயோவின் கீழும் அதற்கு ஒரு வரி தரும்படி கேட்டு வாங்கினேன்.