நாம், கியூ, பூ: லாவோஸ் மலைகளில் நான்கு நாள்

லுவாங் பிரபாங்கில் நான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் அம்மா, விடியற்காலையில் சைக்கிளில் பைகளை மாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ரயில் இருக்கிறதே, தம்பி?" என்கிற மாதிரி தண்டவாளத்தைக் கையால் வரைந்து காட்டினார். உண்மைதான், இருக்கிறது. 2021 டிசம்பரில் ஓட ஆரம்பித்த சீன-லாவோஸ் ரயிலில் ஏறினால் வாங் வியங்குக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் லாவோஸுக்குள் அந்தப் பாதையில் 75 சுரங்கங்கள். மொத்த தூரத்தில் கிட்டத்தட்ட பாதி மலைக்குள்ளேயே இருட்டில் கழிந்துவிடும். எனக்கு அந்த மலையின் மேல்பக்கம்தான் வேண்டியிருந்தது. அதனால் பழைய 13ஆம் எண் சாலை. சுமார் 230 கிலோமீட்டர், நான்கு நாள்.

கூடாரம் எடுத்துப் போகவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு விடுதியாவது கிடைக்கும் வழி இது, அதற்காகக் கூடுதலாக மூன்று கிலோ சுமப்பது வீண். இன்னொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன். பின் கேரியரின் இருபக்கமும் ஒவ்வொரு பை, ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை, மூன்று லிட்டர் தண்ணீர். உடை, மழைக்கோட்டு, இரண்டு டியூப், பஞ்சர் சாமான்கள், சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றிய மூன்று உபரி ஸ்போக்ஸ் கம்பிகள். எல்லாம் சேர்ந்து 14 கிலோ.

கிளம்பும் முன் ஒரு நண்பர் சொல்லிக்கொடுத்த மூன்று லாவோ சொற்கள்தான் வழி முழுக்க எனக்குத் துணை. நாம் என்றால் தண்ணீர், ஆறு. பூ என்றால் மலை. கியூ என்றால் மலைமுகட்டில் இருக்கும் கணவாய். ஊர்ப் பெயர் எதில் தொடங்குகிறது என்று பார்த்தால் போதும், தொடைக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நாம் என்றால் இறக்கம் அங்கே முடிகிறது, அடுத்தது ஏற்றம். கியூவோ பூவோ வந்தால் மேலே வந்துவிட்டோம். முதல் நாள் நான் போய்ச் சேர வேண்டிய ஊர் கியூ கச்சாம். நடுவில் நாம் மிங். அதாவது ஒரு மலை ஏறி, ஏறியதை எல்லாம் ஆற்றுக்கு இறங்கித் தொலைத்துவிட்டு, மறுபடி அதைவிட உயரமாக ஏற வேண்டும். 80 கிலோமீட்டர்.

முதல் 25 கிலோமீட்டர், சியங் நென் வரை, நாம் கான் ஆற்றை ஒட்டி வயல்களுக்கு நடுவே சுகமான சாலை. அங்கே ஒரு கடையில் காவ் நியாவ் வாங்கிக்கொண்டேன். ஒட்டரிசியை ஆவியில் வேகவைத்தது. விரலால் உருண்டை பிடித்து, ஜியோவில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஜியோ என்றால் நம் துவையல் மாதிரிதான், சுட்ட மிளகாயை உரலில் இடித்துச் செய்வது. சைக்கிள் மிதிப்பவருக்கு இதைவிட நல்ல உணவு நான் பார்த்ததில்லை. ஆறினாலும் கெடாது, பையில் நசுங்காது, இரண்டு உருண்டை போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும்.

அப்புறம் ஆரம்பித்தது ஏற்றம்.

நான் நாமக்கல்காரன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்தான் கால் பழகியது. இங்கே அப்படி அடுக்கடுக்கான வளைவுகள் இல்லை. செங்குத்தும் இல்லை. ஆனால் ஏற்றம் ஓயவே ஓயாது. ஒரே சீரான சரிவில், ஒரு மடிப்புக்குள் போய், வெளியே வந்து, அடுத்த மடிப்புக்குள் போய் என்று இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டே இருக்கும். சுமையோடு என் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது, அதற்குக் கீழே கியர் கிடையாது. எழுந்து நின்று மிதித்தால் பைகள் இருபக்கமும் ஆடி, ஆளையே இழுக்கும். உட்கார்ந்தபடி, மூச்சு எந்தக் கணக்கில் வருகிறதோ அந்தக் கணக்கில் மிதிக்க வேண்டும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் வேகம் அதிகம் என்று பொருள். இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மலை பயமுறுத்தாது.

ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஊர்கள் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். லாவோஸில் மக்களை அவர்கள் வாழும் உயரத்தை வைத்துப் பிரிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் லாவோ லூம், சரிவில் இருப்பவர்கள் லாவோ தெங், முகட்டில் இருப்பவர்கள் லாவோ சூங். அரசு இப்போது ஐம்பது இனக்குழுக்கள் என்று கணக்கிடுகிறது, அதுதான் சரியானதும்கூட. கம்மு மக்களையும் மோங் மக்களையும் வெறும் உயரத்தை வைத்து எப்படிச் சொல்லிவிட முடியும்? ஆனாலும் மேலே ஏற ஏற வீடுகள் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். கீழே மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள், அடியில் விறகும் கோழியும் தறியும். கம்மு ஊர்களிலும் அப்படித்தான். கியூ கச்சாமை நெருங்கும்போது வீடுகள் மண்தரைக்கு இறங்கிவிட்டன. மோங் மக்கள் தரையோடுதான் வீடு கட்டுவார்கள். ஆயிரம் கிப் நோட்டில் மூன்று பெண்கள் மூன்றுவித உடையில் நிற்பார்கள், அந்த மூன்று உயரங்களின் அடையாளமாக. நம் பணத்துக்கு நாலைந்து ரூபாய் பெறும் அந்த நோட்டை வழியில் வெள்ளரிக்காய் விற்ற பாட்டி மீதியாகக் கொடுத்தார். அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

எல்லா ஊரிலும் பிள்ளைகள். நான் வளைவில் திரும்பும் முன்பே செயின் சத்தம் கேட்டுவிடுமோ என்னவோ, "சபாய்தீ! சபாய்தீ!" என்று ஓடிவந்து சாலையோரம் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு சின்ன உள்ளங்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் நின்ற, நடக்கவே இப்போதுதான் பழகிய ஒரு குழந்தைக்குக் கை எட்டவில்லை. நிறுத்தி, இறங்கித் தட்டிவிட்டுப் போனேன்.

கியூ கச்சாமுக்கு வந்தபோது மணி ஐந்தரை. டிசம்பரில் அப்போதே இருட்டத் தொடங்கிவிடுகிறது. லுவாங் பிரபாங் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்த ஊர் ஏறக்குறைய 1,400. இரவு குளிர் கடுமை. இரண்டு கனத்த போர்வை கொடுத்தார்கள், இரண்டும் தேவைப்பட்டன.

மறுநாள் பூ கூன் வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலை முகட்டின் மேலேயே போகிறது. இருபக்கமும் பள்ளத்தாக்கு நிறைய மேகம் பால் பொங்கியது போல் தேங்கிக் கிடந்தது. பத்து மணிக்கு மேல்தான் அது கலைய ஆரம்பித்தது. சாலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் தார் பெயர்ந்து செம்மண் தெரிகிறது, கனரக லாரிகள் ஓயாமல் வருகின்றன. ஓரமாக ஒதுங்கி நின்று அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

வழியில் ஓர் ஊரில் மோங் புத்தாண்டு. பள்ளிக்கூடத்துத் திடலில் இளைஞர்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை, நடுவே பத்தடி இடைவெளி. பந்தை ஒருவருக்கொருவர் மெதுவாக வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு துணிப் பந்தாம், இப்போது டென்னிஸ் பந்து. யார் எதிரே நிற்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீசும்போதெல்லாம் பெண்களின் உடையில் வரிசையாகத் தைத்த வெள்ளிக் காசுகள் சலசலக்கும். பெரியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்றேன். யாருமே பந்தைத் தவறவிடவில்லை, அவசரமும் படவில்லை.

பூ கூனுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரத்தில் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசியது. பல்சக்கரப் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அதன் வளைவிலேயே முறிந்திருந்தது. சுமை ஏற்றிய சைக்கிளில் முறிவது பெரும்பாலும் அங்கேதான். மறுநாள் முழுக்க இறக்கம், இதை வைத்துக்கொண்டு இறங்க முடியாது. கம்பி இருக்கிறது, கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கைக் கழற்றும் திருகியும் இருக்கிறது. ஆனால் கழற்றும்போது பல்சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் கருவியை எடைக்குப் பயந்து விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஊருக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. நடத்துபவர் இருபத்தைந்து வயதுப் பையன். சைகையில் விளக்கினேன். அவர் சக்கரத்தை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய், பழைய மோட்டார் சைக்கிள் செயினில் ஒரு சாண் துண்டை ஒரு கட்டையில் போல்ட் போட்டு முடுக்கிக்கொண்டு வந்தார். அதைப் பல்சக்கரத்தின் மேல் சுற்றினார், அச்சாகப் பொருந்தியது. அந்த மாதிரிச் சின்ன வண்டிச் செயினுக்கும் சைக்கிள் செயினுக்கும் கண்ணிக்குக் கண்ணி தூரம் அதே அரை அங்குலம்தான். எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றாதது அவருக்கு ஒரே பார்வையில் தோன்றியது. அவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் அவருடைய பெரிய ஸ்பேனரால் திருகியைத் திருப்பினேன். 'கடக்' என்று விட்டது. கம்பி மாட்டி, பிரேக் கட்டையையே அளவாக வைத்துக் கோட்டம் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம். இருபதாயிரம் கிப் கேட்டார், கொடுத்தேன். அந்தச் செயின் கட்டையைத் தூக்கி எறியாமல் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்.

பூ கூன் ஒரு முச்சந்தி. கிழக்கே பிரியும் 7ஆம் எண் சாலை சியங் குவாங்குக்கு, கல்ஜாடிகளின் சமவெளிக்குப் போகிறது. கூடாரம் எடுக்காததற்கு இன்னொரு காரணம் என்றேனே, அது இதுதான். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகளில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணுக்குள் போயின. இன்றும் வயலில் மண்வெட்டி போடுபவர்களையும் விளையாடும் பிள்ளைகளையும் அவை கொல்கின்றன. அதனால் காலடித்தடம் இல்லாத இடத்தில் நான் கால் வைக்கவில்லை. சிறுநீர் கழிக்கக்கூடச் சாலையோரத்தை விட்டுப் போகவில்லை. முந்தின நாள் என் கையைத் தட்டிய பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

மூன்றாம் நாள் காசி வரை இறக்கம். நம் காசி இல்லை, மலையடிவாரத்தில் ஒரு சாதாரண லாரி நிறுத்த ஊர். ஆனால் அந்த இறக்கத்தில் சாலைக்கு எதிரே எழும் சுண்ணாம்பு மலைகளைப் போல நான் எங்கும் கண்டதில்லை. சுமையோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நிற்பதற்குக் காரணமாவது கிடைத்தது. நடுவழியில் சாலையோரம் வெந்நீர் ஊற்று ஒன்று, அதில் ஒரு மணி நேரம் கிடந்தேன்.

காசியிலிருந்து வாங் வியங் அறுபது கிலோமீட்டர், மேடும் பள்ளமுமாக லேசான சாலை. மதியமே வந்துவிட்டேன். நாம் சோங் ஆற்றங்கரையில் சைக்கிளைச் சாய்த்து, பைகளைக் கழற்றி, நான்கு நாள் செம்மண்ணைச் செயினிலிருந்து பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். புதுக்கம்பி மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிந்தது. சாயங்காலம் வரைபடத்தை விரித்து, வியன்டியான் வரையுள்ள ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். நாம் இருந்தது, படகுத்துறையைக் குறிக்கும் தா இருந்தது. பூவும் கியூவும் இருக்கிறதா என்று இரண்டு தரம் தேடினேன்.