மாமாவை குடி மீட்பு வார்டில் சேர்க்க 11 நாள் ஆனது

அம்மாவின் தம்பி, பெயிண்டர். சென்ட்ரல் பக்கம் நடைபாதையில் படுத்திருக்கிறார் என்று யாரோ பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். குடியால் வேலை போனது, வாடகை நின்றது, வீட்டுக்காரர் பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்து அது தீர்ந்த மாதம் சாமானை வெளியே எடுத்து வைத்துவிட்டார். இதுவரை எல்லோரும் யூகிப்பதுதான். ரோட்டுக்கு வந்த பிறகு குடி இரண்டு மடங்கானதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டதற்கு, "குடிக்காம இங்க ஒரு ராத்திரி படுத்துப் பாரு மாப்ள" என்றார். கொசு, லாரிச் சத்தம், பையை உருவுகிறவன், லத்தியால் தட்டி எழுப்புகிறவர். போதை இருந்தால்தான் தூக்கம். அப்படித் தூங்கிய ஒரு ராத்திரியில்தான் ஆதார் இருந்த பையும் போயிருக்கிறது.

நான் முதலில் செய்தது முட்டாள்தனம். வீட்டுக்குக் கூட்டி வந்து, இன்றோடு நிறுத்து என்று அறையில் உட்கார வைத்தேன். மறுநாள் கைநடுக்கம், வியர்வை, சாயங்காலம் வலிப்பு. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் ஆள் அடையாளமே தெரியாத குழப்பம் வரலாம், உயிர்கூடப் போகலாம் என்று அவசரப் பிரிவில் டாக்டர் திட்டினார். வார்டில் வைத்து மாத்திரையோடு படிப்படியாக இறக்க வேண்டுமாம், கூடவே பி1 வைட்டமின் ஊசி.

போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் செய்தேன், சேர்க்கச் சில இடங்கள் சொன்னார்கள். போன இடத்தில் ஆதாரும் கூட இருக்க ஒரு ஆளும் கேட்டார்கள். அதுவரை தங்கவைக்கலாம் என்று வீடில்லாதவர்களுக்கான மாநகராட்சிக் காப்பகத்தில் கேட்டால், குடித்துவிட்டு வருபவரைச் சேர்க்க மாட்டோம், முதலில் வார்டுக்குப் போங்கள் என்றார்கள்.

ஆதார் இன்னொரு கூத்து. சுண்ணாம்பிலும் பெயிண்டிலும் ஊறிய விரல், ரேகையே பதியவில்லை. மூன்று தடவை அலைந்து, கடைசியில் கண்ணை வைத்து எடுத்தார்கள். இதற்கு நடுவில், சேர்க்கும் வரை நானாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக டாஸ்மாக் வரிசையில் நின்று அவருக்கு குவார்ட்டர் வாங்கினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வார்டு மூன்று வாரம், அது சுமுகம். டிஸ்சார்ஜ் அன்றுதான் சிக்கல். எங்கள் வீடு ஒற்றை படுக்கையறை, வயசுக்கு வந்த மகள் இருக்கிறாள், மனைவி முடியாது என்றாள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாநகராட்சிக் காப்பகத்துக்கே மறுபடி போனேன். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது, எனக்கு அப்போதுதான் தெரியும். இந்தத் தடவை டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து சேர்த்துக்கொண்டார்கள்.

நான்காம் மாதம் ஒருநாள் குடித்துவிட்டார். காப்பகப் பொறுப்பாளர் வெளியே அனுப்பாமல் எனக்கு போன் செய்தார், மறுபடி டாக்டரிடம் போனோம். இப்போது வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகிறார். புது ஆதாரை பிளாஸ்டிக் கவரில் போட்டு, குளிக்கப் போகும்போதுகூட கையிலேயே வைத்திருக்கிறார்.