ஒரு எழுத்து

காலையில ஹட்டன் பஸ்ல எங்க தேயிலைத் தோட்டத்து பக்கத்து லயத்துப் (வரிசை வீட்டுப்) பெரியம்மா. மடியில ஒரு சொப்பிங் பேக், அதுக்குள்ள இன்னொன்னு, அதுக்குள்ள நாலா மடிச்ச இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பேப்பர்.

"தம்பி, எம்பேர எப்புடி எழுதிருக்குனு பாரு."

ஐடென்டிட்டில ஒரு பேரு, இதுல வேற. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். எந்தக் காலத்துல எந்தக் கிளாக்கரையா செக்ரோல்ல (தோட்டத்து பேர்ப் பதிவுல) எழுதுனதோ. இது மூணாவது தடவ, ஒவ்வொரு தடவையும் பஸ் காசும் அன்னைக்கி வேல செஞ்சா வர்ற கைக்காசும் போகுது.

இபிஎஃப் 1958ல வந்த சட்டம். நம்ம சம்பளத்துல 8 வீதம், கம்பெனி 12 வீதம், இடிஎஃப்னு இன்னொரு நிதிக்கு கம்பெனி கட்டுற 3 வீதம் தனி. பொம்பளைங்க 50 வயசுல, ஆம்பளைங்க 55ல வேலைய விட்டா எடுக்கலாம். மொத்தமா வரும், அடகு, கடன், கூரைத் தகரம்னு மொத்தமாவே போயிரும். கவர்மென்ட் வாத்தியாருக்கு மாதிரி மாசாமாசம் பென்ஷனெல்லாம் கெடையாது.

கொழும்புல அரசாங்கத்துக்கு பென்ஷன் ஆலோசனை சொல்றவங்கள ஒரு நாள் இந்த பஸ்ல ஏத்தணும் (சீட் கெடைக்காது). எல்லாத்தையும் மொத்தமா குடுக்காம ஒரு பங்க மாசக் காசா குடுங்க, சரி. ஆனா சில தோட்டத்துல இப்ப தேயிலைக் காணிய நமக்கு பிரிச்சுக் குடுத்து, நாள் சம்பளம் இல்லாம கொழுந்து கிலோவுக்கு காசுனு ஆக்குறாங்களே, அதுல நாம தொழிலாளியே இல்லனு ஆயிட்டா அந்த 12 வீதத்த யாரு கட்டுறது?

எறங்கும்போது பேப்பர திரும்ப பேக்குக்குள்ள பேக்கா வச்சுக்கிட்டே சொன்னாங்க, "ஒரு எழுத்துதானே தம்பி, இன்னைக்கி முடிஞ்சிரும்."