கொலைகாரன் கையில பியானோ குடுத்த படம்

என்கிட்ட இருக்குற புக்ஸ்ல பாதி கொலை, மீதி பாட்டு. ஒரு வரிசை பூரா சஸ்பென்ஸ் நாவல், அடுத்த வரிசைல சினிமா எடுத்தவங்க, மேடை மியூசிக்கல் (பாட்டாலயே கதை சொல்ற நாடகம்) எழுதினவங்க, இருபதாம் நூற்றாண்டு இசைன்னு அது ஒரு லைன்ல போகும். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறவங்களுக்கு நான் தியரி எல்லாம் சொல்றதில்ல, இங்கிலீஷ் எழுத்தாளர் பேட்ரிக் ஹாமில்டனோட ஒரே ஒரு நாவல்ல ஆரம்பிச்சு கதையாவே சொல்லிடுவேன், அதத்தான் இங்கயும் எழுதுறேன்.

நாவல் பேரு 'ஹேங்ஓவர் ஸ்கொயர்', 1941ல வந்தது. லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் ஏரியா, வருஷம் 1939, போர் வரப்போகுதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா பப்பே கதின்னு கெடக்குற ஒரு கும்பல். அதுல ஜார்ஜ் ஹார்வி போன்னு ஒரு ஆளு, நெட்டாங்குற பொண்ணு பின்னாடி நாயா அலையுறான், அவ இவன் காசுலயே குடிச்சிட்டு இவனயே மட்டம் தட்டுவா. அப்பப்போ இவன் மண்டைக்குள்ள 'கிளிக்'னு ஒரு சத்தம் கேக்கும். அவ்ளோதான், எதுவுமே ஒட்டாது. பேசும் படம் பாத்துட்டு இருக்கும்போது சவுண்டு மட்டும் போயிட்ட மாதிரின்னு ஹாமில்டனே முதல் பக்கங்கள்ல சொல்லிடுறாரு. அந்த நேரத்துல அவனுக்கு ரெண்டே வேலதான் ஞாபகம் இருக்கும், நெட்டாவ கொல்லணும், அப்புறம் மெய்டன்ஹெட்ங்குற ஊருக்குப் போயிடணும். மறுபடி 'கிளிக்', பழைய ஜார்ஜ் திரும்பி வந்துடுவான், என்ன யோசிச்சோம்னு அவனுக்கே தெரியாது, திரும்ப போய் அவளுக்கே டிரிங்க்ஸ் வாங்கிக் குடுப்பான்.

நமக்கு ரெண்டு ஜார்ஜையும் தெரியும், ஜார்ஜுக்கு ஒருத்தனத்தான் தெரியும். இதே சமாச்சாரத்ததான் சஸ்பென்ஸ் பட டைரக்டர் ஹிட்ச்காக் 1962ல ஃப்ரெஞ்சு டைரக்டர் ட்ரூஃபோகிட்ட வெடிகுண்டு உதாரணத்தோட சொன்னாரு, அந்தப் பேட்டி 1966ல ஃப்ரெஞ்சுல புக்கா வந்துச்சு, சினிமா பத்தி ஒரே ஒரு புக்தான் வாங்குவேன்னா கண்ண மூடிட்டு அத வாங்கலாம். மேஜைக்கு அடியில குண்டு இருக்கு, ஆடியன்ஸுக்குத் தெரியாம வெடிச்சா பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி, முன்னாடியே தெரிஞ்சு அத பாத்துட்டே உக்காந்திருந்தா பதினஞ்சு நிமிஷம் சஸ்பென்ஸ். ஹாமில்டன் என்ன பண்ணாருன்னா குண்ட ஜார்ஜ் மண்டைக்குள்ளயே வச்சிட்டாரு.

இந்த நாவல 1945ல ஹாலிவுட் படமா எடுத்து கந்தலாக்கிட்டாங்க. காலத்த தூக்கி 1900கள் ஆரம்பத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க, போர் பயம் போச்சு, பப் கும்பல் போச்சு, எல்லாத்துக்கும் மேல ஜார்ஜ் இசையமைப்பாளர் ஆயிட்டான். நாவல்ல அந்தாளுக்கு உருப்படியா வர்றது கோல்ஃப் மட்டும்தாங்க! அபஸ்வரமா ஏதாவது சத்தம் கேட்டா நினைவு தப்பும்னு ஒரு காரணம் வேற. நாவல் பிடிச்சவங்களுக்கு இதப் பாத்தா பத்திக்கிட்டு வரும், எனக்கும் வந்துச்சு.

ஆனா ஹீரோ இசையமைப்பாளர்னா கிளைமாக்ஸ்ல அவன் வாசிக்க ஒரு கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோட ஒரு வாத்தியம் முன்னாடி நின்னு வாசிக்கிற இசை) வேணுமே, அத எழுத வந்தவரு சினிமா இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். கடைசி சீன்ல கட்டடம் எரியுது, கூட்டம் ஓடுது, ஆர்க்கெஸ்ட்ராக்காரங்களும் ஒவ்வொருத்தரா எழுந்து ஓடுறாங்க, ஜார்ஜ் மட்டும் பியானோவ விடாம வாசிச்சிட்டே இருக்கான். அதனால அந்த கான்செர்ட்டோவே தனி பியானோலதான் முடியும். கதைக்குத் தேவைன்னு வந்த ஒரு விஷயம் அப்படியே இசையோட வடிவமா மாறிடுச்சு பாருங்க, இந்த ஒரு இடத்துக்காக அந்தப் படத்த மன்னிச்சுட்டேன்.

அப்போ தியேட்டர்ல உக்காந்து இதப் பாத்து ஆடிப்போன பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன், பேரு ஸ்டீவன் சோண்ட்ஹைம், பின்னாடி மேடை மியூசிக்கல்களுக்கு இசையும் பாட்டும் எழுதினவரு. படத்துல அந்த கான்செர்ட்டோவோட முதல் பக்கம் ஸ்கிரீன்ல தெரியும், அத மனப்பாடம் பண்றதுக்காக பையன் மறுபடியும் உக்காந்து பாத்திருக்கான். முப்பத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு, 1979ல, பழிவாங்கத் துடிக்கிற ஒரு சவரக்காரன் கதைய அவர் 'ஸ்வீனி டாட்'னு மியூசிக்கலா போட்டப்போ அது ஹெர்மனுக்கு செலுத்துற மரியாதைன்னு வெளிப்படையாவே சொன்னாரு. மேடைல ஆடியன்ஸ பயமுறுத்தணும்னா இசை நிக்கக்கூடாதுங்குறது அவர் கணக்கு, அதான் அந்த மியூசிக்கல்ல பேசுற இடத்துல கூட பெரும்பாலும் அடியில ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும்.

அதுல ஒரு சீன். தன் குடும்பத்த அழிச்ச ஜட்ஜே ஷேவிங் பண்ண வந்து ஸ்வீனியோட நாற்காலில உக்காந்துட்டான், சவரக்கத்தி ஸ்வீனி கைல, ஜட்ஜோட கழுத்து அண்ணாந்து கெடக்கு. வேற யாரா இருந்தாலும் இங்க திக் திக்னு டிரம்ஸ் போட்டிருப்பாங்க. சோண்ட்ஹைம் போட்டது பொண்ணுங்க எவ்ளோ அழகுன்னு ரெண்டு பேரும் சேந்து பாடுற ஒரு மென்மையான டூயட்! ஸ்வீனி அவசரப்பட மாட்டேங்குறான், இத்தன வருஷம் காத்திருந்தத ரசிச்சு ரசிச்சு பண்ணணும்னு பாக்குறான், பாட்டு சுகமா நீண்டுட்டே போக நம்ம கண்ணு கத்திய விட்டு நகராது, சரியா கை ஓங்குற நேரம் கதவத் தொறந்துக்கிட்டு ஒரு பையன் உள்ள வந்து எல்லாத்தையும் கெடுத்துடுறான், ஜட்ஜ் எழுந்து போயிடுறான். ஹிட்ச்காக் சொன்ன பதினஞ்சு நிமிஷத்த பாட்டுல பண்ணிக் காட்டுன மாதிரிதான் எனக்குத் தோணுது, சஸ்பென்ஸ் எழுத நெனைக்கிறவங்க நாவல விட இந்த ஒரு சீன திரும்பத் திரும்ப கேட்டா நிறைய கத்துக்கலாம்.

சோண்ட்ஹைமோட 'ஃபினிஷிங் த ஹேட்' 2010ல வந்தது, 1981 வரைக்குமான அவரோட பாட்டு வரிகள் எல்லாம் அதுல இருக்கு, பக்கத்துலயே அவரோட விமர்சனமும். மத்த பாடலாசிரியர்கள கிழி கிழின்னு கிழிப்பாரு, ஆனா செத்துப்போனவங்கள மட்டும், உயிரோட இருக்குறவங்க மேல கை வைக்கலன்னு அவரே சொல்லிடுறாரு, விவரமான ஆளு. தன்னையும் விடல, அவர் பாட்டு எழுதின 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மியூசிக்கல்ல அதிகம் படிக்காத ஒரு பொண்ணு வாயில அவ்ளோ மினுக்கான எதுகைய வச்சுட்டோமேன்னு கடைசி வரைக்கும் புலம்பினவரு அவரு. புக் கனம் ஜாஸ்தி, படுத்துட்டு படிக்க முடியாது, மூஞ்சில விழுந்தா மூக்கு போயிடும்.

ஹெர்மன் பக்கமா போனா அவர் இசையமைச்ச ஹிட்ச்காக் படம் 'சைக்கோ' வந்து நிக்கும். ராபர்ட் ப்ளாக் நாவல் 1959, படம் 1960. நாவல்ல அந்தக் குளியலறை கொலை சட்டுனு முடிஞ்சிடும், நீங்க மெதுவா படிக்கிற ஆளா இருந்தாலும் கொஞ்ச நேரம்தான். ஹிட்ச்காக் அந்த ஒரு சீனுக்கே ஒரு வாரம் செலவழிச்சிருக்காரு, அதுக்கு மியூசிக்கே வேணாம்னும் சொல்லிருக்காரு. ஹெர்மன் கேக்காம வெறும் வயலின் குடும்பத்த வச்சே ஒண்ணு எழுதிப் போட்டுக் காட்டினதும் மனசு மாறிட்டாரு. இதெல்லாம் ஸ்டீஃபன் ரெபெல்லோ 1990ல எழுதின 'சைக்கோ' உருவான கதை புக்ல விலாவாரியா இருக்கு, அதுவே த்ரில்லர் மாதிரி ஓடும்.

சுத்தி வந்தா மறுபடி சோண்ட்ஹைம்தான். 'சைக்கோ'ல நார்மன் பேட்ஸா நடிச்ச ஆண்டனி பெர்கின்ஸும் அவரும் நண்பர்கள், ரெண்டு பேரும் சேந்து நண்பர்களுக்கு துப்பு கண்டுபிடிக்கிற விளையாட்டு நடத்தினவங்க, அந்த ருசில எழுதின கொலைக் கதைதான் 1973ல வந்த 'த லாஸ்ட் ஆஃப் ஷீலா' படம், திரைக்கதைக்கு துப்பறியும் கதைகளுக்குக் குடுக்குற எட்கர் விருது கெடச்சுது. பாட்டு எழுதுறவரும் பேய் முழி முழிக்கிற நடிகரும் சேந்து எழுதினதுன்னு சொன்னா நம்பவே முடியாது, அவ்ளோ கச்சிதம்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நாவல்லதான். படத்த மொதல்ல பாத்துடாதீங்க, அப்புறம் ஏர்ல்ஸ் கோர்ட் பப்புல உக்காந்திருக்குற ஜார்ஜ் பக்கத்துல ஒரு பியானோவும் தெரிய ஆரம்பிச்சிடும்.