காரியசித்தி தரும் முகமூடி

பாலித் தீவுக்கு வந்து, உலுவத்துவில் சூரியன் மறையும் நேரத்துக் கெச்சாக் ஆட்டம், உபுத் அரண்மனை முற்றத்து லெகோங் நடனம், இரண்டையும் டிக்கெட் வாங்கிப் பார்த்தாயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் எங்களுக்கு வண்டி ஓட்டிய இளைஞர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"இன்னைக்கு எங்க ஊர்க் கோயில்ல ஒடாலான். மதியத்துக்கு மேல நான் வாசிக்கப் போயே ஆகணும். வேற வண்டி சொல்லட்டுமா, இல்ல நீங்களும் வர்றீங்களா பாபாக்?" நம் ஐயாவுக்கு அங்கே பாபாக். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஒடாலான் என்பது கோயிலின் பிறந்தநாள். பாலியின் பவுகோன் பஞ்சாங்கப்படி 210 நாளுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தது மூன்று கோயில் உண்டு என்பதால், எந்த நாளிலும் தீவில் எங்கேயாவது கொட்டுமுழக்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஊர், கியான்யார் வட்டாரத்தில் பத்துவான் பக்கம். வாசலில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் காமென் என்ற வேட்டி, அதன் மேல் செலெந்தாங் கச்சை, தலையில் உடெங் தலைக்கட்டு எல்லாம் சரியாகத்தான் கட்டியிருந்தேன். நாற்பது வருஷம் வேட்டி கட்டிய கை! அவர் ஒன்றும் பேசாமல் கச்சையை அவிழ்த்து, காமெனின் முன்கொசுவம் தரையைப் பார்த்துக் கூராகத் தொங்கும்படி மடித்து, இறுக்கிக் கட்டிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினார். மனைவி கட்டியிருந்த பட்டுப்புடவைக்கு மேல் ஒரு மஞ்சள் கச்சையோடு விட்டுவிட்டார்கள்.

கோயிலுக்கு மூன்று பிராகாரம். வெளியே ஜாபா, நடுவில் ஜாபா தெங்கா, உள்ளே ஜெரோவான். ஆட்டங்களையும் இதே கணக்கில்தான் பிரிக்கிறார்கள். உள்ளே ஆடுவது வழிபாட்டோடு சேர்ந்த வாலி, நடுவில் பெபாலி, வெளியே பொழுதுபோக்குக்கான பாலி-பாலிஹான். 1971இல் பாலிப் பெரியவர்களே கூடிப் பேசி வகுத்த பிரிவு இது. சுற்றுலாக்காரர்களுக்காக எதை ஆடலாம், எதை ஆடக் கூடாது என்ற கவலையில் பிறந்தது. அதன்படி பார்த்தால் முந்தைய இரண்டு நாளும் நாங்கள் ஜாபாவைத் தாண்டவேயில்லை.

உள்ளே போனதும் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. உயர்ந்த மேடையில் பெடண்டா என்னும் குருக்கள் மணியடித்து மந்திரம் சொல்கிறார். ஒரு மூலையில் பெண்கள் கிடுங் பாடுகிறார்கள். கோபுரத்தில் தொங்கும் மரக் குல்குல்லை ஒருவர் தட்டுகிறார். கமெலான் வாத்தியக்குழு அதிர்கிறது. மணி, மந்திரம், பாட்டு, கமெலான், குல்குல் ஐந்தும் சேர்ந்தால் பஞ்சகீதம் என்றார் நம் இளைஞர். ஒன்று முடிந்து இன்னொன்று என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில்.

இதற்கு நடுவே பாவைக்கூத்து வேறு. வாயாங் லெமா. பகலில் நடப்பதால் திரையும் இல்லை, விளக்கும் இல்லை. இரண்டு கல்யாணமுருங்கைக் கிளைகளை நட்டு, இடையே ஒரு நூலைக் கட்டி, அதன் முன்னால் தோல்பாவைகளை ஆட்டிக்கொண்டு டாலாங், அதாவது பாவையாட்டி, கவி என்ற பழைய ஜாவா மொழியில் கதை சொல்கிறார். ஒரு ஆள் பார்க்கவில்லை. பாவம் என்று நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவும் இல்லை, கதையை நிறுத்தவும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் நானே கூச்சத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

கமெலான் பக்கம் போய் நம் ஆளைத் தேடினேன். அவர் முன்னால் கங்சா. பத்து வெண்கலப் பட்டைகள். வலக்கைச் சுத்தியல் ஒரு பட்டையைத் தட்டும்போதே, இடக்கை விரல்கள் முந்தைய பட்டையைப் பிடித்து நாதத்தை அடக்குகின்றன. பக்கத்துக் கங்சா சுருதி சேராதது போல என் காதுக்குப் பட்டது. பிறகு விசாரித்தால், வேண்டுமென்றே ஜோடியில் ஒன்றை மயிரிழை கூட்டியும் இன்னொன்றை இறக்கியும் வைக்கிறார்களாம். இரண்டும் சேரும்போது எழும் அந்த நடுக்கத்துக்கு ஓம்பாக், அலை, என்று பெயர். அவர் வாசிப்பதும் பாதிதான். அவர் விட்ட இடைவெளிகளில் எதிரில் இருப்பவர் மீதியைத் தட்டுகிறார். வீட்டில் தனியாகச் சாதகம் செய்து பயனில்லை. வாத்தியங்களும் பஞ்சார் என்ற ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தம். கல்யாணமான ஒவ்வொருவரும் பஞ்சாரில் உறுப்பினர். கோயிலுக்குச் செய்யும் உழைப்பு ஙாயா. கூலி கிடையாது, வராவிட்டால் அபராதம் உண்டு.

மாலையில் தோப்பேங் என்ற முகமூடிக் கூத்து. ஒரே மனிதர் முகமூடி மாற்றி மாற்றி மந்திரி, கிழவர், ராஜா, கோமாளிகள் என்று வருகிறார். ராஜா பேசுவதில்லை. நம் கட்டியங்காரன் மாதிரி ஒரு பாத்திரம்தான் கவி மொழிப் பேச்சை ஊர்மொழியில் உடைத்துச் சொல்கிறது. கடைசியில் வருபவர் சிடகார்யா. வெள்ளை முகம், இடுங்கிய கண், பிதுங்கிய பல், தொங்கும் தலைமயிர். பார்க்க அழகில்லை.

இவருக்குத் தலபுராணம் உண்டு. பெசாகி கோயிலில் ராஜா வாத்துரெங்கோங் பெரிய யாகம் நடத்தியபோது, கெலிங் தேசத்திலிருந்து ஒரு பிராமணர் கந்தல் உடையில் வந்தாராம். ராஜாவுக்கு நான் உறவு என்றாராம். காவலர்கள் பிச்சைக்காரன் என்று விரட்டிவிட்டார்கள். அவர் சாபமிட, பயிர் கருகியது, எலியும் நோயும் பெருகின. ராஜா ஆளனுப்பித் தேடிக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகே யாகம் நிறைவேறியது. சிட கார்யா என்றால் காரியம் சித்தியாயிற்று என்று பொருள். அந்தக் கெலிங் ஜாவாப் பக்கத்து ஊர் என்பார்கள். சொல் என்னவோ நம் கலிங்கத்திலிருந்து போனதுதான். மலேசியாவில் நம்மவர்களை ஏசும் சொல்லும் அதேதான் என்பதால், வாசலில் விரட்டப்பட்டவரின் கதை எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

அவர் வந்து ஆடினால்தான் பூசை பூர்த்தி. கைநிறைய மஞ்சள் அரிசியும், நடுவில் ஓட்டை போட்ட பழைய சீனக் காசும் அள்ளி நான்கு திசையிலும் வீசினார். அதுவரை அரட்டையடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் காசுக்குப் பாய்ந்தார்கள். அவர் சட்டென்று ஒரு பொடியனைப் பிடித்துத் தூக்கினார். அவன் வீறிட, கூட்டம் சிரித்தது. இறக்கிவிடும்போது அவன் கையில் காசு இருந்தது, அழுகை நின்றிருக்கவில்லை.

பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். விரல்நுனியில் பூ வைத்து, தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிடுகிறார்கள். பெமாங்கு என்ற கோயில் பூசாரி தீர்த்தம் தெளித்து, குடிக்கவும் தந்தார். ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தால் மனைவி குனிந்து, தரையில் கிடந்த மஞ்சள் அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"அட்சதைங்க. கால்ல மிதிபடலாமா?"

வெளியே வந்தால், சிடகார்யாவாக ஆடியவர் முகமூடிகளைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் அடுக்கிவிட்டு, நம் இளைஞரோடு உட்கார்ந்து கிராம்பு சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்த வியர்வை இன்னும் அடங்கவில்லை. அந்தப் பொடியன் எட்ட நின்று கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.