இறங்கத் தெரிந்தால்தான் பறந்த கணக்கு

செம்பருந்துக் கூட்டைக் கண்காணிக்கும் வேலையில் எல்லோரும் ஆவலாகக் குறித்துவைப்பது குஞ்சு முதலில் பறந்த நாளை. பொரித்து ஏழெட்டு வாரத்தில் அது வரும். ஆனால் எப்படி இறங்கியது, இரையைத் தானே கிழித்ததா என்று எழுதாத குறிப்பேடு பாதிக் குறிப்பேடுதான்.

பறக்கும் முன் குஞ்சு கூட்டின் விளிம்பில், சுள்ளியை நகத்தால் இறுகப் பற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிராக நின்று இறக்கையடிக்கும். பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவும். எழும்புவதில் சிக்கல் குறைவு, இறங்குவதில்தான் தகராறு. இறக்கையையும் வாலையும் விரித்து, உடம்பை நிமிர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். முந்தி விரித்தால் கிளை எட்டாது, பிந்தினால் மோதல். தென்னை மட்டை இன்னும் மோசம். பாரத்தில் மட்டை தாழ்ந்ததும் குஞ்சு முன்பக்கம் கவிழ்ந்து, ஒற்றைக் காலில் தொங்கிப் படபடக்கும்.

தீனியிலும் கால்தான் பிரச்சினை. சின்ன வயதில் தாய் துணுக்காகக் கிழித்து ஊட்டும். பிறகு முழு மீனாகவே வந்து சேரும். குஞ்சு இறக்கையைக் குடைபோல் கவிழ்த்து அதை மறைத்துக்கொள்ளும், ஆனால் அழுத்தி மிதிக்காமல் அலகால் இழுக்கும். மீன் நழுவிக் கீழே போகும், காக்கைக்கு விருந்து. பறந்த பின்னும் பல நாள் பெற்றோரிடம் கத்திக் கேட்டே வயிறு நிரப்பும். இளம் பறவைகள் இலையைக் காலில் தூக்கிப்போய் நழுவவிட்டு, விழுமுன் பிடித்து விளையாடுவதும் உண்டு. தண்ணீரில் மிதக்கும் மீனை அள்ளுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) பைனாகுலர் போதும். பெரிய பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், நிற்கும் இடம் கூட்டுக்குப் பக்கம் என்று அர்த்தம், பின்வாங்க வேண்டும். இளசு உடம்பெல்லாம் பழுப்பு, கரும்பருந்தோடு குழம்பும். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு நுனியில் பிளவு, இதற்கு வட்டம். வளர்ந்த செம்பருந்தைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இந்தப் பழுப்பு உருவத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை!

தரையில் கிடப்பதெல்லாம் அநாதை அல்ல. இரண்டு இறக்கையும் சமமாக மடிந்து, கால் ஊன்றி நின்றால், நாய் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதும். பெற்றோர் தேடி வரும். ஒரு இறக்கை தொங்கினாலோ மாஞ்சா நூல் சுற்றியிருந்தாலோ நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், சதை கிழியும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பாலோ சோறோ ஊட்டாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.