இடைநிலை இல்லாத மொழி

செப்டம்பர் 2

அறிவியல் புனைகதை படமானதும் எதை வெட்டினார்கள் என்றுதான் சண்டை நடக்கிறது. வெட்டாமல் முடியாது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம், அதிலும் பாதி வெற்றிடம். 400 பக்க நாவல் அதற்குள் எப்படி அடங்கும்?

நாவலை மூன்று நிறப் பென்சிலோடு படிக்க வேண்டும். கண்ணால் காணக்கூடியதற்கு ஒரு நிறம், பேச்சுக்கு ஒன்று, ஆசிரியர் விளக்குவதற்கும் பாத்திரம் மனதுக்குள் நினைப்பதற்கும் ஒன்று. மூன்றாவது நிறம் அப்பிக் கிடக்கும் பக்கங்களில்தான் அந்தக் கதையுலகின் விதி ஒளிந்திருக்கும். முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பக்கங்கள்தான். அவை செய்துவந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று பார்த்தால் தழுவல் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும்.

செப்டம்பர் 3

டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' 1998இல் வந்த குறுநாவல். 2016இல் டெனி வில்நெவ் இயக்கத்தில் 'அரைவல்' ஆனது. திரைக்கதை எரிக் ஹைசரர்.

கதை முழுக்க ஒரு தாய் தன் மகளிடம் பேசுகிறாள். நினைவிருக்கிறது என்று தொடங்கி, வாக்கியத்தை எதிர்காலத்தில் முடிக்கிறாள். வேற்றுக்கிரக மொழியைக் கற்றதில் அவளுக்கு வரப்போவதும் நினைவாகிவிட்டது. முடிச்சு இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் இதற்கு ஓர் இடைநிலை போதும்: 'செய்தாய்' என்பதில் த், 'செய்வாய்' என்பதில் வ். கேமராவிடம் அந்த ஒற்றெழுத்து இல்லை. எடுத்த ஷாட் எல்லாமே நிகழ்காலம்.

ஹைசரர் அந்தக் குறையையே பிடித்துக்கொண்டார். படம் தொடங்கியதுமே மகள் பிறக்கிறாள், வளர்கிறாள், நோயில் இறக்கிறாள். அடுத்து, தாய் தனியாகக் கல்லூரிக்கு நடந்து போகிறாள். 'மகளைப் பறிகொடுத்தவள்' என்று நாமே கோத்துக்கொள்கிறோம். ஃபிளாஷ்பேக் பார்த்துப் பழகிய கண் செய்த வேலை அது. வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்ததைத் தவிரப் படம் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4

நேற்றைய தொடர்ச்சி. கதையில் மகள் இறப்பது 25 வயதில், பாறை ஏறும்போது நடக்கும் விபத்தில். படத்தில் பதின்வயதில், தீராத நோயில். உருக்கத்துக்காக மாற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில் வளைகிறது. இது ஃபெர்மாவின் விதி. அந்தப் பாதையைத் தேர, போய்ச் சேரும் இடம் ஒளிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்போல இருக்கிறது அல்லவா? சியாங் படம் வரைந்தே இதை விளக்குகிறார். வேற்றுக்கிரகவாசிகள் உலகைக் காண்பதும் அப்படித்தான், முடிவோடு சேர்த்து. இது மனதில் ஊறியபின், 'மலை ஏறாதே என்று மகளிடம் சொன்னால் என்ன?' என்று வாசகர் கேட்பதில்லை.

திரையில் இது, இரண்டு பேர் பலகை முன் நின்று இரண்டு நிமிடம் பேசுவது. படம் இதை விட்டுவிட்டது. விட்டதும் விபத்து நிற்க இடமில்லை. தடுக்கக்கூடிய சாவு என்றால் அரங்கமே எழுந்து கேள்வி கேட்கும். ஆகவே நோய். அத்தோடு கேள்வியும் மாறியது: தெரிந்தபின் வேறு மாதிரி நடக்க முடியுமா என்பது போய், தெரிந்தும் பெற்றுக்கொள்வாளா என்று ஆனது. எனக்கு முதல் கேள்விதான் பெரிது. ஆனாலும் இந்த மாற்றத்தில் கணக்கு இடிக்கவில்லை.

படத்தின் முடிவில், போரைத் தடுக்கத் தாய் சீனத் தளபதிக்குப் போடும் தொலைபேசி அழைப்பைத்தான் ஏற்க முடியவில்லை. கதையில் வேற்றுக்கிரகவாசிகளோடு பேச உதவும் 112 கண்ணாடிகள் உலகெங்கும் வந்திறங்குகின்றன. வந்தவர்கள் ஒருநாள் காரணம் சொல்லாமல் கிளம்பிப் போகிறார்கள். படத்தில் 12 கலங்கள், போர் மிரட்டல், கடைசி நிமிடம்.

செப்டம்பர் 8

ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' நாவலில் விளக்கமெல்லாம், செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரன் வாட்னி எழுதும் பதிவேட்டில் இருக்கிறது. 2015 படத்தில் அதை வீடியோப் பதிவாக்கினார்கள். தனியாளுக்குப் பேச ஒரு முகம் கிடைத்துவிட்டது. சுலபமான தீர்வு, சரியான தீர்வு.

புயல் விஷயம்தான் வேடிக்கை. நாவலில் இரண்டு புயல்கள். இரண்டாவது, நீண்ட பயணத்தில் வரும் தூசிப்புயல், கண்ணுக்கே தெரியாது. சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் நாளுக்கு நாள் குறைவதை வைத்துத்தான் வாட்னி அதைக் கண்டுபிடிக்கிறான். அருமையான புதிர், படத்தில் இல்லை. மீட்டரைக் காட்டி எவ்வளவு நேரம் பயமுறுத்துவது?

படத்தில் நின்றது முதல் புயல், ராக்கெட்டைச் சாய்க்கப் பார்த்து வாட்னியைத் தனியாக விட்டுப்போக வைத்த புயல். அதுதான் இயற்பியல்படி தப்பு, வியருக்கே தெரிந்த தப்பு. காற்று தள்ளும் விசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. செவ்வாயின் காற்றடர்த்தி பூமியில் இருப்பதில் சுமார் 60இல் ஒரு பங்கு. அங்கே 175 கி.மீ. வேகத்தில் அடிப்பது இங்கே 22 கி.மீ. காற்றுக்குச் சமம். கொடியில் காயும் வேட்டி படபடக்கும், ராக்கெட் சாயாது.

செப்டம்பர் 9

'டியூன்' நாவலில் ஒரே காட்சிக்குள் நாலைந்து பேர் மண்டைக்குள் புகுந்து வருவார் ஃபிராங்க் ஹெர்பர்ட். 1984இல் டேவிட் லிஞ்ச் அந்த நினைப்புகளைக் கிசுகிசுக் குரலில் ஓடவிட்டார். முகமும் குரலும் ஒன்றையே இரண்டு முறை சொல்கின்றன. 2021இல் வில்நெவ் தாய் ஜெசிகாவுக்கும் மகன் பாலுக்கும் (Paul) கைச்சாடை கொடுத்தார். மீதியை மௌனத்தில் விட்டார்.

2024 பாகத்தில் பாலின் தங்கை ஆலியா பிறக்கவே இல்லை. பெரியவர்போலப் பேசும் குழந்தையைத் திரையில் காட்டினால் சிரிப்பு வரும் என்ற பயம் நியாயம்தான். அதற்காக நாவலின் சில ஆண்டுகளை ஒரு கர்ப்பகாலத்துக்குள் அடைத்தார்கள். எதிரியான பரோனைக் கொல்லும் வேலை ஆலியாவிடமிருந்து பாலுக்குப் போயிற்று. பாலுக்கும் அவன் காதலி சானிக்கும் பிறந்து கொல்லப்படும் முதல் மகனுக்கு இடமே இல்லாமல் போனது. ஒரு குழந்தையைத் தள்ளிப்போட்டதில் இன்னொன்று காணாமல் போன கதை.

செப்டம்பர் 13

'2001' நாவலும் படமும் ஒரே சமயத்தில் உருவானவை, இரண்டும் 1968. ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலில் கலம் சனிக்கோளுக்குப் போகிறது. நம்பும்படியான வளையங்களைச் செய்ய முடியாததால் குப்ரிக்கின் படத்தில் வியாழனோடு நின்றுவிட்டது. 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தன் சனியை விட்டுவிட்டு, படத்தின் வியாழனிலிருந்தே கதையைத் தொடர்ந்தார்.